ஆஸ்லோவில் பிறந்த 48 வோல்ட்

நார்வேயில் குளிர்காலப் பகல் மிகக் குறுகியது. அதனால் ஆஸ்லோ வானொலியின் ஒலிப்பதிவுக் கூடங்களில் கூடுதல் விளக்குகள் எரிய வேண்டியிருந்தது. அவற்றுக்காக 48 வோல்ட் டிசி மின்சாரம் ஒரே மையத்திலிருந்து எல்லா அறைகளுக்கும் போய்க்கொண்டிருந்தது. 1966இல் ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் கேஎம் 84 மைக்கை அந்த வானொலிக்குக் கொண்டுபோனபோது, கையிலிருந்த அந்த மின்சாரத்தையே மைக்குக்கும் கொடுத்தார்கள். அதுவரை வால்வு வைத்த கண்டென்சர் மைக் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது. இனி அது வேண்டியதில்லை. குரல் வரும் அதே இரண்டு கம்பிகளில் மின்சாரமும் மைக்கை நோக்கிப் போனது. இரண்டிலும் வோல்ட் சமமாக இருப்பதால் குரலில் அது கலப்பதில்லை. பாண்டம் பவர் எனப்படும் இந்த முறை உலகம் முழுக்க இன்று 48 வோல்ட்டாக இருப்பதற்கு அந்த விளக்குகள்தான் காரணம்.

பாண்டம் பவர் ஸ்டூடியோ மிக்ஸர்களில் இருந்தவரை அதற்குப் பஞ்சம் தெரியாது. சுவரிலிருந்து வேண்டிய மட்டும் கரண்ட் வந்தது. பிறகு 1996இல், கணினியோடு கருவிகளை இணைக்கும் யுஎஸ்பி வந்தது. வடோதராவில் பிறந்த அஜய் பட் உள்ளிட்ட இன்டெல் குழுவின் உழைப்பு அதில் பெரிது. யுஎஸ்பியின் பழைய வகைத் துளையில் கிடைப்பது 5 வோல்ட், அதிகபட்சம் 500 மில்லி ஆம்பியர். ஆக மொத்தம் இரண்டரை வாட்.

2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியது. மைக்கை லேப்டாப்போடு இணைத்து, யுஎஸ்பி கரண்டிலேயே ஓடும் ஸ்கார்லெட் 2ஐ2 என்ற சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸும் அதே ஆண்டில்தான் கடைக்கு வந்தது. பெரம்பலூரில் ஒரு வீட்டு அறையிலிருந்தே கும்மிப்பாட்டையும் ஒப்பாரியையும் தரமாகப் பதிவு செய்ய வழி பிறந்தது இப்படித்தான். நம் பாட்டுக்கு இது எவ்வளவு பெரிய வரவு!

சிக்கலும் இங்கேதான். 48 வோல்ட் பொத்தானை அழுத்தியதும் இன்டர்ஃபேஸ் விளக்கு அணைந்து எரியும். பதிவில் படபடவென்று சத்தம் கேட்கும். சில நேரம் லேப்டாப், கருவியையே காணோம் என்னும். உடனே மைக் போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். பெரும்பாலும் மைக்கில் குறையே இருக்காது. 5 வோல்ட்டை 48 ஆக ஏற்றுவது இன்டர்ஃபேஸுக்குள் இருக்கும் ஒரு சின்னச் சுற்று. வோல்ட்டை ஏற்றலாம், வாட்டை ஏற்ற முடியாது. தர விதிப்படி ஒரு மைக் 10 மில்லி ஆம்பியர் வரை இழுக்கலாம். அப்படி இரண்டு மைக் என்றால் கிட்டத்தட்ட ஒரு வாட் போய்விடும். மாற்றும்போது வீணாவது தனி. ஹெட்ஃபோனுக்கும் மற்ற சுற்றுகளுக்கும் மிச்சம் கொஞ்சம்தான்.

முதலில் பார்க்க வேண்டியது கேபிளை. மெல்லிய கம்பி உள்ள இரண்டு மீட்டர் கேபிளில் அரை ஆம்பியர் ஓடினால் ஏறத்தாழ 0.4 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். புள்ளம்பாடி வாய்க்காலின் கடைமடைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குட்டையான, தடித்த கேபிளாக மாற்றிப் பாருங்கள். தனி அடாப்டர் இல்லாத ஹப் நடுவில் வேண்டாம். அதன் ஒரு துளைக்கு விதிப்படி 100 மில்லி ஆம்பியர்தான் உறுதி. லேப்டாப்பில் 900 மில்லி ஆம்பியர் தரும் யுஎஸ்பி 3 துளை இருந்தால் (பெரும்பாலும் உள்ளே நீலமாக இருக்கும்) அதில் செருகலாம். விண்டோஸின் பவர் அமைப்பில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் வசதியையும் நிறுத்திவிட வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் தடுமாறினால் சொந்த அடாப்டர் உள்ள ஹப்தான் வழி.

படபடப்பு இல்லாமல் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சல் மட்டும் வந்தால் அது வேறு கதை. சார்ஜரைக் கழற்றுங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு சார்ஜர் வழியாகவோ வீட்டு எர்த் வழியாகவோ வருகிறது. நல்ல எர்த் போட ஆள் கிடைக்கும்வரை பேட்டரியிலேயே பதிவு செய்யலாம். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும் நாள் இதற்கு மிகவும் தோதானது. ஃபேன், ஃப்ரிட்ஜ், பக்கத்து வீட்டு மிக்ஸி எதுவும் ஓடாது. முழு சார்ஜோடு, ஒரே ஒரு கண்டென்சர் மைக்கை மாட்டிப் பாட்டியைப் பாடச் சொல்லுங்கள்.