பெயர்களை மறக்காத பீட்டர்

1850 ஆகஸ்ட். அமெரிக்காவின் பிலடெல்பியாவில் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் அலுவலகத்துக்கு ஐம்பது வயதை ஒட்டிய ஒருவர் வந்து நின்றார். பெயர் பீட்டர். அலபாமாவில் அடிமையாக இருந்து, காசு கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்டு வந்தவர். பெற்றோரைத் தேடுகிறேன் என்றார். ஆறு வயதில் பிரிந்தது. ஊர் எதுவென்று தெரியாது. தகப்பன் பெயர் லெவின், தாய் சிட்னி. அவ்வளவுதான் கையிலிருந்த துப்பு.

எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தர் வில்லியம் ஸ்டில்லுக்குப் பேச்சு எழவில்லை. அவை அவருடைய பெற்றோரின் பெயர்கள். தான் பிறப்பதற்கு முன்பே தொலைந்துபோன அண்ணன்தான் தன் முன்னே நிற்கிறார்!

பீட்டர் உடனே நம்பிவிடவில்லை. ஏமாற்றிப் பிடித்துக்கொண்டு போய் மறுபடியும் விற்றுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. அது அன்று நடக்கக்கூடியதுதான்.

அந்தக் குடும்பம் சிதறிய கதை இது. மேரிலாந்தில் அடிமையாக இருந்த லெவின் உழைத்துச் சேர்த்த பணத்தில் தன் விடுதலையை வாங்கிக்கொண்டு நியூஜெர்சி போனார். சிட்னி நான்கு பிள்ளைகளோடு தப்பியோடி அவரிடம் சேர்ந்தாள். பிடித்துக் கொண்டுவந்து பூட்டி வைத்தார்கள். இரண்டாவது முறை நான்கு பேரையும் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. தூங்கிக்கொண்டிருந்த மகன்கள் இருவருக்கும் முத்தம் கொடுத்துவிட்டு, மகள்கள் இருவரோடு இரவில் கிளம்பினாள். அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு என்ன தகுதி இருக்கிறது? சேரிட்டி என்று பெயரை மாற்றிக்கொண்டு புதிதாக வாழத் தொடங்கினாள். மகன்களைக் கெண்டக்கிக்கு விற்றார்கள், பிறகு அலபாமா. அங்கே மூத்தவன் லெவின், எஜமானின் சொல்லை மீறி மனைவியைப் பார்க்கப் போனதற்காகச் சவுக்கடி பட்டே செத்தான்.

மனைவியைப் பார்ப்பதே குற்றமாக எப்படி ஆனது? தென்மாநிலச் சட்டம் அடிமைகளின் கல்யாணத்தைக் கல்யாணமாகவே ஏற்கவில்லை. தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை. தகப்பன் யார் என்பது சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. எஜமான் கடன்பட்டாலோ, அவன் செத்துச் சொத்தைப் பங்கு போட்டாலோ, குடும்பம் ஏலத்துக்கு வந்துவிடும். உள்நாட்டுப் போருக்கு முந்தைய எழுபது ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து லட்சம் பேரை இப்படித் தெற்கே, பருத்தி விளையும் பூமிக்குக் கொண்டுபோனார்கள். உறவை ஏட்டில் எழுதிவைக்க வழியில்லாத அந்த மக்கள் அதைப் பிள்ளைகளின் பெயரில் எழுதிவைத்தார்கள். பீட்டரும் தன் மகன்களில் ஒருவனுக்கு லெவின் என்றே பெயரிட்டிருந்தார்.

அலபாமாவின் டஸ்கம்பியா ஊரில் ஜோசஃப் ஃப்ரீட்மேன் என்ற யூத வணிகர் 500 டாலருக்குப் பீட்டரை வாங்கி, அந்தத் தொகையை அவர் உழைத்துக் கட்டியதும் விடுவித்திருந்தார். ஆனால் மனைவி வினாவும் மூன்று பிள்ளைகளும் அலபாமாவிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். 1851இல் சேத் கான்க்லின் என்ற வெள்ளையர், பீட்டருக்காக அவர்களைப் படகில் ஏற்றி, இரவும் பகலுமாகத் துடுப்பு வலித்து இந்தியானா வரை கொண்டுவந்து சேர்த்தார். அங்கே பிடிபட்டார்கள். பிறகு கான்க்லினின் உடல் ஆற்றில் கிடைத்தது, கைகால்களில் விலங்கோடு. தன் உறவல்லாத ஒரு குடும்பம் ஒன்றுசேர வேண்டும் என்பதற்காக உயிரைக் கொடுத்த அந்த மனிதரை நாம் மறந்துவிடக் கூடாது.

மறுபடியும் அலபாமாவுக்கே கொண்டுபோகப்பட்ட நான்கு பேருக்கும் சேர்த்து அவர்களுடைய எஜமான் மெக்கீர்னன் கேட்ட விலை 5,000 டாலர். பீட்டர் வடமாநிலங்களில் ஊர் ஊராகப் போய்த் தன் கதையைச் சொல்லி நன்கொடை திரட்டினார். 1854 இறுதியில் குடும்பம் அவரிடம் வந்து சேர்ந்தது.

வில்லியம் ஸ்டில் இதற்குள் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். தப்பி வரும் ஒவ்வொருவரிடமும் ஊர், எஜமான், பெற்றோர், விட்டுவந்த பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். தன் அண்ணனைப்போல யாரோ ஒருவர் நாளை தேடி வரலாம் அல்லவா? எதிரிகள் கையில் சிக்கினால் பலருடைய உயிருக்கு ஆபத்து என்பதால் அந்த ஏடுகளை ஒரு கல்லறைத் தோட்டத்தில் ஒளித்துவைத்தார். போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்த பிறகு, 1872இல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார்.

விடுதலை பெற்றவர்கள் தாயையும் பிள்ளையையும் தேடிப் பத்திரிகைகளில் கொடுத்த விளம்பரங்களை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)