ராஸ் புரதமும் ‘மருந்துக்கு எட்டாதது’ என்னும் கருத்தும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

மனிதப் புற்றுநோயில் ராஸ் மரபணுவின் பங்கு 1982இல் உறுதிப்பட்டது. பிறழ்ந்த ராஸ் புரதத்தை நேரடியாகத் தடுக்கும் முதல் மருந்துக்கு 2021இல்தான் ஒப்புதல் கிடைத்தது. இடைப்பட்ட 39 ஆண்டுகளில் இப்புரதம் ‘மருந்துக்கு எட்டாதது’ எனக் கருதப்பட்டது. அக்கருத்து எச்சான்றுகளின்மேல் எழுந்தது, எவ்வாறு திருத்தம் பெற்றது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வைரஸிலிருந்து மனித மரபணுவுக்கு

சுண்டெலிகளின் இரத்தப்புற்று வைரஸை எலிகளின் வழியே கடத்தியபோது, அது சுண்டெலிக் குட்டிகளில் சார்கோமாக் கட்டிகளை உண்டாக்கியதை 1964இல் இலண்டனில் ஜெனிஃபர் ஹார்வி பதிவு செய்தார். 1967இல் வெர்னர் கிர்ஸ்டன் அத்தகைய மற்றொரு வைரஸை விவரித்தார். ‘எலிச் சார்கோமா’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமே ‘ராஸ்’. எச்-ராஸ், கே-ராஸ் என்பவற்றின் முன்னெழுத்துகள் இவ்விருவரையும் குறிப்பன. கட்டியைத் தூண்டும் இம்மரபணுவை வைரஸ் எலியின் செல்லிலிருந்தே பெற்றது என்பதை 1970களில் எட்வர்ட் ஸ்கால்னிக் குழுவினரின் ஆய்வுகள் காட்டின.

1982இல் ராபர்ட் வைன்பர்க், மரியானோ பார்பசிட், மைக்கேல் விக்லர் ஆகியோரின் ஆய்வகங்கள் மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்களில் எச்-ராஸ் மரபணுவின் பிறழ்ந்த வடிவத்தைக் கண்டன. டி.என்.ஏ.வின் ஓர் எழுத்து மாறியதால் புரதத்தின் 12ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் வாலின் அமைந்திருந்தது. இயல்பான மரபணுவுக்கும் புற்றைத் தூண்டும் மரபணுவுக்கும் இடையிலிருந்த வேறுபாடு இவ்வளவே.

2. அமைப்பும் சமிக்ஞையும்

ஏறத்தாழ 189 அமினோ அமிலங்களாலான ராஸ், செல்சவ்வின் உட்புறத்தில் இருந்து மின்விசைமாற்றி போலச் செயற்படுகிறது. குவனோசின் முப்பாஸ்பேட்டைப் பிணைத்த நிலையில் அது இயங்குகிறது; அது குவனோசின் இருபாஸ்பேட்டாகச் சிதைந்ததும் ஓய்கிறது. வளர்ச்சிக் காரணி செல்லின் ஏற்பியைத் தூண்டும்போது, எஸ்.ஓ.எஸ். என்னும் புரதம் ராஸை இயங்கவைக்கிறது. பின்னர் ராஃப், மெக், எர்க் ஆகிய நொதிகளின் வழியே பெருக்கத்துக்கான சமிக்ஞை உட்கருவை அடைகிறது. இத்தொடர் 1990களின் தொடக்கத்தில் முழுமையாகத் தெளிவாயிற்று.

ராஸை ஓயச் செய்யும் துணைப்புரதத்தை 1987இல் ஃபிராங்க் மெக்கார்மிக் குழுவினர் கண்டறிந்தனர். அத்துணைப்புரதத்தின் ஆர்ஜினின் ஒன்று ராஸின் வினைமையத்துள் விரல்போல நுழைவதை 1997இல் ஆல்பிரெட் விட்டிங்ஹோஃபர் குழுவினரின் படிக ஆய்வு காட்டியது. 12ஆம் இடத்துக் கிளைசினின் பக்கச்சங்கிலி ஓர் ஐதரசன் அணு மட்டுமே. அவ்விடத்தில் அதனினும் பெரிய அமினோ அமிலம் அமைந்தால் அவ்விரலுக்கு இடமின்றிப் போகிறது. ராஸ் ஓயாமல் இயங்குகிறது.

3. ‘எட்டாதது’ என்னும் முடிவு

இம்முடிவுக்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது, பிணைப்பின் வலிமை. 2001இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப், தன் இலக்கு நொதியில் ஏ.டி.பி. அமரும் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. ராஸோ குவனோசின் முப்பாஸ்பேட்டைப் பிக்கோமோலார் அளவிலேயே பிணைக்கிறது. செல்லுக்குள் அம்மூலக்கூறு அதனினும் பன்மடங்கு மிகுந்துள்ளது. ஆகவே அவ்விடத்துக்குப் போட்டியிடுவது இயலாததாயிற்று. இரண்டாவது, 1980களின் இறுதியில் வெளிவந்த படிக வடிவங்களில் மருந்து தங்கத்தக்க ஆழமான குழி வேறெங்கும் தென்படவில்லை.

மூன்றாவது, மாற்றுவழியின் தோல்வி. ராஸைச் சவ்வோடு இணைக்கும் ஃபார்னசைல் ஏற்றத்தைத் தடுக்கும் மருந்துகள் உருவாக்கப்பட்டன. அவ்வழி அடைபட்டபோது, புற்றுகளில் மிகுதியாகப் பிறழும் கே-ராஸ் வேறொரு கொழுப்புத் தொடரை ஏற்றுச் சவ்வை அடைந்தது. அம்மருந்துகளுள் ஒன்றான லோனாஃபார்னிப், 2020இல் புரோஜீரியா என்னும் அரிய நோய்க்கு ஒப்புதல் பெற்றது.

4. கருத்தின் திருத்தம்

2013இல் கெவன் ஷோகட் குழுவினர், 12ஆம் இடத்தில் சிஸ்டைன் அமைந்த கே-ராஸைத் தேர்ந்தனர். சிஸ்டைனின் கந்தக அணுவோடு பிணையும் சிறு மூலக்கூறுகளைத் தேடியபோது, முந்தைய படிகங்களில் காணப்படாத குழியொன்று வெளிப்பட்டது. மூலக்கூறு வந்து பொருந்தும்போதே அக்குழி உருப்பெறுகிறது.

ஆயினும் அம்மூலக்கூறுகள் ஓய்நிலைப் புரதத்தையே பற்றின. பிறழ்ந்த ராஸ் இயங்குநிலையில் பூட்டுண்டது என்னும் கருத்தின்படி இது பயனற்றதாகத் தோன்றியது. சிஸ்டைன் வடிவம் தன் சிதைப்புத் திறனைப் பெரிதும் இழக்கவில்லை என்பதையும், அது இடையிடையே ஓய்நிலைக்குத் திரும்புகிறது என்பதையும் 2016இல் வெளிவந்த ஆய்வுகள் நிறுவின. இவ்வழியில் உருவான சொட்டோராசிப் 2021இலும் அடாக்ராசிப் 2022இலும் ஒருவகை நுரையீரல் புற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

முடிவுரை

‘எட்டாதது’ என்ற கருத்துக்கு ஆதாரமான அளவீடுகள் பிழையானவை அல்ல. பிக்கோமோலார் பிணைப்பு இன்றும் உண்மையே; புதிய மருந்துகளும் அவ்விடத்துக்குப் போட்டியிடவில்லை. பிழை அளவீட்டிலிருந்து பெற்ற அனுமானத்தில் இருந்தது. ஓரிடம் அணுக இயலாதது என்பதிலிருந்து புரதம் முழுவதும் அணுக இயலாதது என்றும், படிகம் காட்டிய ஒரு நிலையே புரதத்தின் முழு இயல்பு என்றும் கொள்ளப்பட்டன.

இவ்வேறுபாடு இன்றும் முதன்மையானது. கணையப் புற்றுகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டில் கே-ராஸ் பிறழ்ந்துள்ளது. அவற்றில் மிகுதியாக அமைவன அஸ்பார்ட்டிக் அமிலமும் வாலினுமே, சிஸ்டைன் அரிது. சிஸ்டைனைப் பற்றும் மருந்துகள் அந்நோயாளருள் மிகச் சிலருக்கே பயன்படும். எஞ்சியோரைப் பொறுத்தவரை, ஓர் இலக்கை எட்டாதது என அறிவிக்குமுன் எவ்விடம், எந்நிலை, எக்கருவி என வரையறுப்பது ஆய்வுலகின் கடமையாகிறது.