ரப்பர் கீபோர்டும் 125 பவுண்டும்

போன மாதம் சித்தியிடமிருந்து போன். "டேய், நீதான் கம்ப்யூட்டர் அது இதுன்னு எழுதுறியே, நம்ம சந்துருவுக்கு ஒண்ணு வாங்கணும். கேம் செய்யப் போறானாம்."

கவனிக்கவும், விளையாட இல்லை, செய்ய. பையன் இப்போதுதான் பத்தாவது முடித்திருக்கிறான். சித்தியின் கையில் இருப்பது சீட்டு எடுத்த 25,000 ரூபாய். ஒரு கடையில் விசாரித்திருக்கிறார்கள். கேம் செய்வதென்றால் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியவே முடியாது, 75,000க்குக் கீழே யோசிக்காதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். சித்தி குரலே இறங்கிப்போயிருந்தது.

நான் பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் காஸ்ட் அக்கவுண்டிங்தான் :-) ஆனால் இந்தக் கேள்வி புதிதில்லை என்பது ஞாபகம் வந்தது. 40 வருடங்களுக்கு முன் இங்கிலாந்தில் எத்தனையோ அப்பா அம்மாக்கள் இதே கேள்வியோடு கடைக்குப் போயிருக்கிறார்கள். அவர்கள் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் தட்டித் தட்டிப் பழகிய பிள்ளைகள்தான் பிறகு அந்த நாட்டின் கேம் தொழிலையே உருவாக்கினார்கள். அப்படி எதை வாங்கினார்கள், ஏன் வாங்கினார்கள் என்று தேடிப் படித்ததுதான் இந்தப் பதிவு.

கதை க்ளைவ் சின்க்ளேரிடம் தொடங்குகிறது. அவருடைய நிறுவனம் 1980ல் இசட்எக்ஸ்80 என்ற கணினியை 99.95 பவுண்டுக்குக் கொண்டுவந்தது. பாகங்களாக வாங்கி நாமே சால்டர் வைத்துக்கொள்வதென்றால் 79.95 பவுண்டுதான். அடுத்த வருடமே இசட்எக்ஸ்81 வந்தது, விலை 69.95 பவுண்டு. அதே 1981ல் அமெரிக்காவில் வெளிவந்த ஐபிஎம் பிசியின் ஆரம்ப விலை 1,565 டாலர். ஒப்பிட்டுப் பாருங்கள்.

எப்படி முடிந்தது? இங்கேதான் என் பாடம் உதவுகிறது. இசட்எக்ஸ்80க்குள் இருபதுக்கும் மேற்பட்ட சிப்புகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவற்றின் வேலையை ஒரே தனிச் சிப்புக்குள் அடக்கி, இசட்எக்ஸ்81ஐ நாலைந்து சிப்பில் முடித்துவிட்டார்கள். மானிட்டர் கிடையாது, வீட்டு டிவியில் மாட்டிக்கொள்ள வேண்டும். டிஸ்க் கிடையாது, வீட்டு டேப் ரெக்கார்டரில் கேசட் போட்டுச் சேமிக்க வேண்டும். அதாவது வாங்குபவர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு சொத்துகளைத் தன் பொருளின் பாகமாக்கிக்கொண்டார் சின்க்ளேர். எந்தப் பாடப்புத்தகத்திலும் இவ்வளவு அழகான உதாரணத்தை நான் பார்த்ததில்லை.

நினைவகம்? 1 கிலோபைட். இந்தப் பதிவின் எழுத்துகளே அதில் அடங்காது. அந்த 1 கிலோபைட்டுக்குள் டேவிட் ஹார்ன் என்பவர் கம்ப்யூட்டரோடு ஆடும் செஸ் ஒன்றை எழுதினார். நிரலின் அளவு 672 பைட். கேஸ்லிங் கிடையாது, ஆனால் ஆடும்!

சந்துருவின் கேள்விக்கு நெருக்கமான இயந்திரம் 1982 ஏப்ரலில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம். 16 கிலோபைட் மாடல் 125 பவுண்டு, 48 கிலோபைட் மாடல் 175 பவுண்டு. வண்ணம் உண்டு, கொஞ்சம் சத்தமும் உண்டு. கீபோர்டு மட்டும் ரப்பர். தொட்டவர்கள் எல்லாம் திட்டியிருக்கிறார்கள்.

அப்போது இதைவிட நல்ல கம்ப்யூட்டர் இல்லாமலில்லை. பிபிசி நிறுவனம் மக்களுக்குக் கணினி கற்றுக்கொடுக்க ஒரு திட்டம் போட்டு, அதற்கான இயந்திரத்தைத் தேடியது. சின்க்ளேரும் முயன்றார், ஆனால் வாய்ப்பு ஏக்கார்ன் நிறுவனத்துக்குப் போனது. அதுதான் பிபிசி மைக்ரோ. உறுதியான கீபோர்டு, அருமையான பேசிக் மொழி. ஆனால் மாடல் பி விலை 399 பவுண்டுக்குப் போய்விட்டது. எனவே பிபிசி மைக்ரோ பள்ளிக்கூடங்களுக்குள் போனது, ஸ்பெக்ட்ரம் வீடுகளுக்குள் போனது. பள்ளியில் மணி அடித்தால் எழுந்து போக வேண்டும். வீட்டில் அம்மா சாப்பிடக் கூப்பிடும்வரை தட்டிக்கொண்டிருக்கலாம். 50 லட்சத்துக்கு மேல் ஸ்பெக்ட்ரம் விற்றதில் இந்த வித்தியாசத்துக்கும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு.

(நம் ஊருக்கும் இரண்டும் வந்தன. 1984ல் தொடங்கிய கிளாஸ் என்ற மத்திய அரசுத் திட்டத்தில் இந்தியப் பள்ளிகளுக்குப் பிபிசி மைக்ரோக்கள் வந்தன. ஸ்பெக்ட்ரத்தைப் புனேயில் டெசிபெல்ஸ் என்ற நிறுவனம் உரிமம் வாங்கி விற்றது.)

விலையைக் குறைக்க ஸ்பெக்ட்ரத்தில் எதை வெட்டினார்கள் என்று பார்த்தால் சுவாரசியம். திரையில் குறுக்கே 256, நெடுக்கே 192 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தனி வண்ணம் கொடுத்தால் 24,576 பைட் தேவை. 16 கிலோபைட் மாடலின் மொத்த நினைவகமே 16,384 பைட்தான்! எனவே திரையை 8க்கு 8 புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு இரண்டே வண்ணம் என்று வைத்தார்கள். 6,912 பைட்டில் வேலை முடிந்தது. இதற்கான அபராதம், ஒரு வண்ணப் பொம்மை இன்னொன்றின் பக்கத்தில் போனால் இரண்டின் நிறமும் ஒன்றில் ஒன்று ஒட்டிக்கொள்ளும். சாயம் போகும் துணியை மற்றதோடு சேர்த்து ஊறவைத்த மாதிரி. கேம் எழுதியவர்கள் இதைச் சபித்துக்கொண்டே, கட்டங்களுக்குள் அடங்கும்படி படம் வரையப் பழகினார்கள்.

எனக்கு இன்னொரு விஷயம்தான் பெரிதாகப் பட்டது. ஸ்பெக்ட்ரத்தை ஆன் செய்தால் மெனு இல்லை, ஐகான் இல்லை. நேராக பேசிக் மொழிதான், நிரல் எழுது என்று காத்திருக்கும். பி என்ற கீயை அழுத்தினால் பிரிண்ட் என்ற கட்டளை முழுதாக வந்துவிழும். கேம் விளையாட வேண்டுமென்றாலும் லோடு என்ற கட்டளை கொடுத்தாக வேண்டும். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக நிரல் அச்சாகி வரும், பார்த்துப் பார்த்து அடிக்க வேண்டும். ஒரு கமா தப்பினால் ஓடாது. எது தப்பு என்று தேடும்போதுதான் பையன்கள் நிரல் கற்றுக்கொண்டார்கள்.

இந்த இடம்வரை படித்தபோது "மலிவான கம்ப்யூட்டர் இருந்தால் போதும்" என்று முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். மேத்யூ ஸ்மித்தின் கதை அதைக் கலைத்துவிட்டது.

1983ல் மேனிக் மைனர் என்ற ஸ்பெக்ட்ரம் கேம் வந்தது. இருபது குகைகள், ஒரு சுரங்கத் தொழிலாளி, குதித்துக் குதித்துச் சாவி எடுக்க வேண்டும். எழுதியது பதின்ம வயதுப் பையன் மேத்யூ ஸ்மித், தனி ஆளாக, சில வாரங்களில். ஸ்பெக்ட்ரத்தில் ஒலிக்கென்று தனிச் சிப் இல்லை, பிராசஸரே ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த நிலையிலும் கேம் நடக்கும்போதே பின்னணி இசை வரும்படி செய்தான்.

ஆனால் அந்தக் கேமை ஸ்மித் ஸ்பெக்ட்ரத்தில் எழுதவில்லை! டாண்டி நிறுவனத்தின் டிஆர்எஸ்-80 என்ற வேறு கம்ப்யூட்டரில் எழுதி, ஸ்பெக்ட்ரத்துக்கு அனுப்பி ஓட்டிப் பார்த்தான். காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஸ்பெக்ட்ரத்தில் மெஷின் மொழியில் ஒரு தப்பு செய்தால் இயந்திரம் அப்படியே உறைந்துவிடும். அணைத்துப் போட்டால் நினைவகம் காலி. மறுபடி கேசட்டைச் சுற்றி, அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிமிடக்கணக்கில் உட்கார வேண்டும். வேறு இயந்திரத்தில் எழுதினால், ஓட்டிப் பார்க்கும் இயந்திரம் உறைந்தாலும் எழுதியது பத்திரம்.

ஆக, ஸ்மித்துக்குத் தேவைப்பட்டது அதிகமான வண்ணமோ சத்தமோ இல்லை. ஒரு தப்புக்கும் அடுத்த முயற்சிக்கும் நடுவே உள்ள நேரம் குறைய வேண்டும், அவ்வளவுதான். கடைக்காரர் சொன்ன கிராபிக்ஸ் கார்டு இந்த நேரத்தைச் சந்துரு மாதிரி ஆரம்பக்காரனுக்குக் குறைக்கப் போவதில்லை. குறைப்பது ராமும் எஸ்எஸ்டியும்.

இங்கிலாந்தின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1984ல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் பிபிசி மைக்ரோவில் எலைட் என்ற விண்வெளிக் கேமை எழுதினார்கள். எட்டு விண்மீன் மண்டலம், ஒவ்வொன்றிலும் 256 கிரகம், எல்லாமே சூத்திரத்தால் அப்போதைக்கப்போது பிறப்பவை. சின்க்ளேர் 1986ல் தன் கணினி வியாபாரத்தை ஆம்ஸ்ட்ராட் நிறுவனத்துக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விற்றார். பிறகு வீடுகளில் விண்டோஸ் பிசியும் பிளேஸ்டேஷனும் வந்தன. ஆன் செய்தால் நிரல் கேட்கும் இயந்திரம் காணாமல் போனது. 2000களின் நடுவில், கேம்பிரிட்ஜில் கணினி அறிவியல் படிக்க விண்ணப்பிப்பவர்கள் குறைவதையும், வருகிறவர்களுக்கு முன்போல நிரல் அனுபவம் இல்லாததையும் எபன் அப்டன் கவனித்தார். அவரும் வேறு சிலரும் சேர்ந்து செய்ததுதான் 2012 பிப்ரவரி 29ல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை. சேர்ந்தவர்களில் ஒருவர் எலைட் எழுதிய அதே பிரேபன். அதன் மாடல் ஏ, மாடல் பி என்ற பெயர்கள்கூடப் பிபிசி மைக்ரோவிலிருந்து எடுத்தவை.

சந்துருவுக்கும் முதலில் பை வாங்கலாம் என்றுதான் யோசித்தேன். ஆனால் அதற்குத் திரை வேண்டும், சித்தி வீட்டு டிவியோ சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் சீரியலுக்குச் சொந்தம். 1982லும் இதே சண்டை நடந்திருக்கும்.

கடைசியில் ரிச்சி தெருவில் ஏதோ ஆபீஸில் ஓடிக் கழித்த ஒரு பழைய லேப்டாப் வாங்கினோம். 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு கிடையாது. 17,500 ரூபாய். மிச்சப் பணம் சித்தியிடமே இருக்கிறது. அதில் கோடோ என்ற கேம் எஞ்சினைப் போட்டுக் கொடுத்தேன். அர்ஜென்டினாவில் இரண்டு பேர் தொடங்கி, 2014ல் எல்லோருக்கும் திறந்துவிட்ட இலவச மென்பொருள். முப்பரிமாணக் காடு மலையெல்லாம் இந்த லேப்டாப்பில் திணறும், மறைக்கவில்லை. இரு பரிமாணக் கேமுக்குத் தாராளம்.

நேற்று போயிருந்தேன். திரையில் ஒரு சிவப்புப் பெட்டி, கீழே ஒரு தரை. பெட்டி தரையில் நிற்காமல் துளைத்துக்கொண்டு கீழே போய்க்கொண்டே இருந்தது. சந்துரு ஏதோ மாற்றுகிறான், எஃப்5 அழுத்துகிறான், இரண்டு மூன்று நொடியில் பெட்டி மறுபடி விழுகிறது. மறுபடி மாற்றுகிறான், மறுபடி விழுகிறது. நான் பார்த்துக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் நாற்பது தடவையாவது விழுந்திருக்கும்.

பின்னால் நின்று பார்த்த சித்தி கேட்டார். "இதுக்காடா பதினேழாயிரத்து ஐந்நூறு?"

"சும்மா இரும்மா, இப்ப நிக்கும்" என்றான் சந்துரு, திரும்பாமலே.