கமலா ஆரஞ்சும் ஒரு மஞ்சள் இலையும்

போன மாசம் பண்ணைக்காட்டுலேர்ந்து சித்தப்பா போன் பண்ணினார். "ஏப்பா, நான் குடுத்த ஆரஞ்சு உன் வீட்ல காய்ச்சிருக்காமே? ரெண்டு ஒட்டுக்குச்சி வெட்டி அனுப்பு. இங்க ஒரு மரமும் மிஞ்சலை."

மாட்டேன்னு சொல்லிட்டேன். மனுஷனுக்குக் கோபம். ஏன் சொன்னேன்னு இங்கே எழுதி வெக்கிறேன்.

கீழ்ப்பழனி மலையில பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் காப்பித் தோட்டத்துக்கு நடுவே கமலா ஆரஞ்சு நின்ன காலம் ஒண்ணு உண்டு. தோல் தொளதொளன்னு இருக்கும், நகம் பட்டாலே உரியும். நான் சின்னப் பையனா இருந்தப்ப தாத்தா தோட்டத்துல அந்த வாசனை பார்த்திருக்கேன். அப்புறம் நுனிக்கிளை காய்ஞ்சுது, இலை மஞ்சளாச்சு, காய் சிறுத்துப் போச்சு. உரம் போட்டாங்க, சுண்ணாம்பு போட்டாங்க, சாமிக்கும் வேண்டினாங்க. மரம் போயிடுச்சு. இப்போ அந்த இடத்துல மிளகும் பட்டர் ஃப்ரூட்டும்.

அந்த மரங்களைக் கொன்னது ஒரே எதிரி இல்லை. ட்ரிஸ்டெஸா வைரஸ், வேர் அழுகல், நூற்புழு, சத்துக் குறைவு எல்லாத்துக்கும் பங்கு உண்டு. ஆனா பெரிய வில்லன் 'கிரீனிங்'. பழம் முழுசாப் பழுக்காம அடிப்பக்கம் பச்சையாவே நிக்கிறதால வந்த பேர் இது. சீனாவில் ஹுவாங்லாங்பிங், அதாவது மஞ்சள் தளிர் நோய். இது ஒட்டு மூலமா தொத்தும்னு 1956-ல் அங்கே லின் காட்டினார். இந்தியாவில் ஆரஞ்சு காய்ஞ்சு சாகிறதுக்கு இதுதான் காரணமா இருக்கும்னு ஆஸ்திரேலியாவின் லிலியன் ஃப்ரேசர், நம்ம கபூர், நரியானி முதலானோர் 1966-ல் எழுதினாங்க. அடுத்த வருஷமே, இதைப் பரப்புறது ஒரு குட்டிப் பூச்சின்னு கபூர் குழு சொல்லிட்டாங்க. மூணு மில்லிமீட்டர் நீளம், பின்பக்கத்தைத் தூக்கிக்கிட்டு உக்காந்து தளிரை உறிஞ்சும். நம்ம கறிவேப்பிலையிலயும் அது குடும்பம் நடத்தும்!

வைரஸ்னு நினைச்சிருந்ததை 1970-ல் பிரான்சின் லாஃப்ளேஷும் போவேயும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தப்போ கதை மாறிச்சு. அது பட்டைக்குள்ள சாறு போற குழாய்ல குடியிருக்கிற பாக்டீரியா. டெட்ராசைக்ளின் குடுத்தா மரம் கொஞ்ச நாள் தேறும், திரும்ப விழும். குணப்படுத்துற மருந்து இன்னிக்கும் இல்லை. பணமும் ஆராய்ச்சியும் கொட்டிக் கிடக்கிற ஃப்ளோரிடாவையே பாருங்க. 2003-04ல் 24 கோடி பெட்டி ஆரஞ்சு. 2005-ல் இந்த நோய் அங்கே தெரிய வந்துச்சு. நடுவுல புயல்களும் அடிச்சுது. 2023-24ல் 2 கோடி பெட்டிகூட தேறலை. அப்ப தாத்தா என்ன பண்ணியிருக்க முடியும்?

இப்ப என் தொட்டிக்கு வரேன். சித்தப்பா குடுத்த ஒட்டுச்செடி மதுரை ஃப்ளாட்டுக்கு வந்த ஆறே மாசத்துல இலை மஞ்சளாச்சு. வயித்துல புளியைக் கரைச்சுது. பக்கத்துலயே கறிவேப்பிலைத் தொட்டி வேற! பிடுங்கி எறியப் போனவன், ஒரு இலையைப் பறிச்சு வெளிச்சத்துல பிடிச்சேன். கிரீனிங்னா நடு நரம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்காது, திட்டுத் திட்டா, ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் பச்சைன்னு இருக்கும். என் இலையில ரெண்டு பாதியும் அச்சு அசல் ஒண்ணு. நரம்பு பச்சை, நடுவுல மஞ்சள், அதுவும் புதுத் தளிர்ல மட்டும். இரும்புச் சத்துக் குறைவு! மலையோட புளிப்பு மண்ணுல வளர்ந்த ஜாதிக்கு, நான் தினம் ஊத்தினது போர்வெல் உப்புத் தண்ணி. மண்ணுல இரும்பு இருந்தும் வேரால எடுக்க முடியலை.

தொட்டியைக் கவிழ்த்து, அழுகின வேரை வெட்டி, செம்மண்ணும் மக்கின இலையும் கலந்து மாத்தினேன். ஹால் மூலையிலேர்ந்து வெயில் வர்ற பால்கனிக்கு இடம் பெயர்ந்துச்சு. மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு ஊத்தினேன், கீலேட் இரும்பு கொஞ்சம் குடுத்தேன். பழைய மஞ்சள் இலை அப்படியேதான் இருந்துச்சு, புதுத் தளிர் பச்சையா வந்துச்சு. மூணாம் வருஷம் நாலு பழம்.

அப்புறம் ஏன் குச்சி தரலைங்கிறீங்களா? நோய் புகுந்து மாசக்கணக்கா, சமயத்துல வருஷக்கணக்கா, மரம் வெளியே காட்டிக்காம நிக்கும். இலை நல்லா இருக்குங்கிறது சோதனை ஆகாது, லேப்ல பாக்டீரியாவோட மரபணுவைத் தேடினாத்தான் ஓரளவு நம்பலாம். நல்ல மனசோட ஆளுக்கு ஆள் குடுத்த குச்சியும், செடி விக்கிறவங்க கூடையில ஏத்தின கன்னும்தானே இந்த நோயை ஊர் ஊராக் கொண்டு போச்சு!

ஆனா விதை வழியா இது பரவுறதுக்கு நிரூபணம் இல்லை. கமலா விதை ஒண்ணுல பல முளை வரும், அதுல பெரும்பாலும் தாய் மாதிரியேதான் இருக்கும். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும், அவ்வளவுதான்.

நாலு பழத்துலயும் சேர்த்து 31 விதை. கழுவி, ஈரம் போகாம மடிச்சு கூரியர்ல அனுப்பிட்டேன். நேத்து சித்தப்பா போன்: "எனக்கு எழுபத்திரண்டு ஆச்சுடா, ஏழு வருஷமா?"

அப்புறம் அவரே சொன்னார், "சரி, பத்தொன்பது முளைச்சிருக்கு."