வயலில் பூத்த உப்பு

வீட்டில் கடல்நீர் மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு படிவுகள் தெரிந்திருக்கும். விளிம்பில் வெள்ளையாகப் பூப்பது, நீர் வற்றியபின் தங்கும் உப்பு. மணலுக்கடியில் கறுப்பாகத் தேங்குவது, மீன் தின்னாத தீனியும் கழிவும் காற்றில்லாமல் அழுகியது. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும்.

1990களில் காவிரி டெல்டாவின் கடலோரத்தில் இவையிரண்டும் பெரிய அளவில் வந்தன. 1991இல் தஞ்சாவூரிலிருந்து பிரிந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் நெல் விளைந்த நிலங்கள் இறால் குளங்களாயின. கடல்நீரை உள்ளே இறைத்தார்கள். குளத்தின் அடியில் கறுஞ்சேறு தேங்கியது. உப்பு ஊறிப் பக்கத்து வயலுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் போனது. தொட்டியென்றால் நீரை மாற்றிவிடலாம். வயலை என்ன செய்வது?

சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் 1994இல் உச்ச நீதிமன்றம் சென்றார். 11.12.1996 அன்று தீர்ப்பு வந்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் பாரம்பரிய முறை அல்லாத இறால் குளங்களை அகற்ற வேண்டும். விளைநிலத்தைக் குளமாக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு தர வேண்டும் என்றது. ஆனால் 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம், பதிவு செய்துகொண்ட பண்ணைகள் தொடர வழிவிட்டது.

உப்பேறிய மண்ணைக் கழுவ நல்ல நீரும் வடிகாலும் வேண்டும். கடைமடைக்கு அந்தக் காவிரி நீர் கடைசியாகத்தான் வந்து சேரும்.