பயறு அறியும் பட்டம்

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஆடியில் ஊன்றிய நாட்டவரை தைப்பொங்கலுக்குக் காய் தரும். அவ்விதையையே சித்திரையில் ஊன்றினால் கொடி பந்தலை நிறைக்கும். பூவோ பகற்பொழுது குறுகிய பின்னரே தோன்றும். மண்ணின் குற்றமென்றும் கைராசிக் குறையென்றும் பலர் எண்ணிய இதற்குக் காரணம் வேறு.

1920-ஆம் ஆண்டில் கார்னர், அல்லார்டு என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் அதனை வெளிப்படுத்தினர். ஒரே வகைச் சோயாவை வெவ்வேறு மாதங்களில் விதைத்தும், பெரும்பாலானவை செப்டம்பரிலேயே பூத்தன. இருட்டறையில் வைத்துப் பகலைச் சுருக்கியபோது அவை முந்திப் பூத்தன. நாளின் நீளத்தைச் செடி உணர்கிறது என்பது தெளிவாயிற்று. ஆயினும் எல்லா வகையும் ஒருபடித்தாய் உணர்வதில்லை. அவ்வேறுபாடு மரபணுவில் அமைந்தது. நீண்ட பகலில் சோயா பூப்பதைத் தடுக்கும் முதன்மையான மரபணுவை 2012-இல் அடையாளங் கண்டனர்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், மறையூருக்கு மேலே உள்ளது காந்தலூர். மதுரைச் சீமையிலிருந்து வந்தோர் வழியினர் எனத் தம்மைக் கூறும் தமிழ்க்குடிகள் வாழும் அஞ்சுநாட்டில் அதுவும் ஒன்று. அங்கு விளையும் பீன்ஸ் அவர்களினும் நெடுந்தொலைவு வந்தது. அதன் தாயகம் அமெரிக்கக் கண்டம். அங்குள்ள காட்டுப் பீன்ஸ் குறும்பகலில் பூப்பது. பகலின் நீளத்தைப் பொருட்படுத்தாத வகைகள் தோன்றிய பின்னரே அது வடபுல நாடுகளிலும் எளிதாய்ப் பரவிற்று. காந்தலூரின் மிக நீண்ட பகல் ஏறத்தாழ 12¾ மணி. தில்லியிலோ 14 மணி. விதை இடம்பெயர்ந்தால் இவ்வேறுபாட்டையும் சந்திக்கிறது. மலைக் குளிரோ விளைச்சலை மேலும் தாமதப்படுத்தும்.

துவரையின் வரலாறும் இதுவே. தமிழகத்தின் பழைய வகைகள் விளைய ஆறு மாதமாகும். உத்தரப் பிரதேசத்து நீண்டகால வகைகள் ஆடியில் விதைத்தால் பங்குனி வரை நிற்கும். கோதுமைக்கு நிலம் வேண்டுமென்று பந்த்நகர்ப் பல்கலைக்கழகம் 1970-களில் குறுகிய காலத் துவரையை அளித்தது. புதுக்கோட்டை மாவட்டத்து வம்பனில் உருவான ‘வம்பன் 1’ ஏறத்தாழ 100 நாளில் விளைவது.

அதனால் நெடுநாள் வகை சோம்பேறிப் பயிர் ஆகிவிடாது. உடன் விதைத்த சோளம் அறுவடையாகும் வரை அது மெல்ல வளர்ந்து இடங்கொடுக்கும். முதற்பூவைப் புழு அழித்தாலும் மீண்டும் பூக்க அதற்கு நாளுண்டு. குறுகிய கால வகைக்கு அவ்வவகாசம் குறைவு. மேலும், புது வகையை ஆக்குவோர் நாடுவது பழைய வகைகளின் வேற்றுமையையே. அவை மறைந்தால் நாளைய தேர்வும் சுருங்கும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மிற் பலர் ஊர் சென்று திரும்புகையில் அவரை விதை கொணர்வதுண்டு. விதையைப் பெறும்போதே அதன் பட்டத்தையும் நாளையும் பெரியோரிடம் கேட்டறிந்து குறித்துக்கொள்வோமாக. அக்குறிப்பின்றி வரும் விதை பாதி வரலாற்றை ஊரிலேயே விட்டு வருகிறது.