கழித்துப்போட்ட செம்மணல்

குமரி மாவட்டத்துச் சிதறால் மலைப்பாறையில் சமணத் துறவிகள் தீர்த்தங்கரர்களைச் செதுக்கியது ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டிய காலம். உளி தொடுவதற்குப் பல லட்சம் ஆண்டுகள் முன்பே மழையும் வெயிலும் இந்தப் பக்கத்து மலைகளைச் செதுக்கத் தொடங்கியிருந்தன. உதிர்ந்த துகளைக் குழித்துறை வழியே தாமிரபரணியும், வேளிமலைப் பக்கமிருந்து வள்ளியாறும் கடலில் கொண்டு சேர்த்தன. அலை லேசான மணலை இழுத்துக்கொண்டு, கனத்ததைக் கரையிலேயே விட்டுப்போனது. மணவாளக்குறிச்சியில் கருப்பும் சிவப்புமாக அப்படிப் படிந்த மணலை யாரும் ஒரு பொருளாக மதிக்கவில்லை, அது கயிற்றில் ஒட்டிக்கொண்டு கப்பலேறும் வரை.

அப்போது ஐரோப்பிய நகரங்களில் தெருவிளக்குக்கு வாயு எரிந்தது. சுடர் மங்கலாக இருந்தது. வியன்னாவின் கார்ல் ஆவர் ஃபான் வெல்ஸ்பாக், தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு ஒரு பங்கும் கலந்த வலையைச் சுடர்மேல் கவிழ்த்து, 1891-ல் அதைப் பளீரென வெளிச்சம் தர வைத்தார். நம்மூர்க் கல்யாண ஊர்வலங்களில் வந்த பெட்ரோமாக்ஸ் மேன்டிலும் இந்த வம்சம்தான். தோரியத்துக்கு மோனசைட் வேண்டும். அன்று அது பெருமளவில் வந்தது பிரேசில் கடற்கரையிலிருந்து. வணிகம் ஒரு சிலர் பிடியில் இருந்தது. வேறு கரை ஒன்று கிடைத்தால் அதற்கு மதிப்பு இருந்தது.

அந்தக் கரை தானாகவே ஜெர்மானியர்களைத் தேடிப் போனது. திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான தேங்காய் நார்க் கயிற்றில் மஞ்சள் மினுப்புள்ள மணல் ஒட்டியிருந்தது. வேறொருவராக இருந்தால் உதறித் தள்ளியிருப்பார். ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதைச் சோதித்துப் பார்த்தார். மோனசைட்! கயிறு வந்த வழியே பின்னோக்கி நடந்து, 1909-ல் அவர் வந்து நின்ற இடம் மணவாளக்குறிச்சி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே மணல் ஆலை எழுந்தது. ஆனால் மோனசைட் தனியாகவா கிடந்தது?

இல்லை. கருப்பு இல்மனைட்டோடும், ரூட்டைல், சிர்கானோடும், சிவந்த கார்னெட்டோடும் கலந்து கிடந்தது. மோனசைட்டைத் தேடி வந்தவர்களுக்கு இந்தச் சிவப்பு மணிகள் வெறும் இடைஞ்சல். முதல் உலகப் போர் மூண்டதும் ஆலை ஆங்கிலேயர் கைக்குப் போனது. மின்விளக்கு வந்து மேன்டிலின் மவுசைக் குறைத்தது. வெள்ளைப் பெயிண்டுக்கு இல்மனைட் வேண்டியிருந்ததால் மணல் பிழைத்துக்கொண்டது. அணுயுகம் பிறந்ததும் தோரியம் மீண்டும் பொக்கிஷமாயிற்று. 1950-ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியது. எல்லாருக்கும் காலம் வந்தது, சிவப்பு மணிகளைத் தவிர. அவற்றின் காலமும் அதே அணுயுகத்தில்தான் ஒளிந்திருந்தது, உலகின் மறுகோடியில்.

அமெரிக்காவின் ஹான்ஃபோர்டில் அணு உலைகளைக் குளிர்விக்கக் கொலம்பியா ஆற்று நீரை வடிகட்டி அனுப்பினார்கள். உலையின் திறன் கூடக் கூடத் தண்ணீரும் கூடுதலாக வேண்டியிருந்தது. மணல் ஃபில்டர் ஈடுகொடுக்கவில்லை. குறை மணலின் குணத்திலேயே இருந்தது. அழுக்கேறிய ஃபில்டரைக் கழுவ, அடியிலிருந்து நீரை மேல்நோக்கிப் பீய்ச்சுவார்கள். அதற்குப் பேக்வாஷ் என்று பெயர். மணல் முழுவதும் எழும்பி மிதக்கும். நீரை நிறுத்தியதும் பருமணி முதலில் அடியில் இறங்கும், நுண்மணி கடைசியாக மேலே படியும். ஆக, அழுக்குநீர் முதலில் சந்திப்பதே மிக நெருக்கமான அடுக்கை. மேலே சில சென்டிமீட்டரிலேயே அடைத்துக்கொள்ளும். கீழே உள்ள மணல் வேலையின்றிக் கிடக்கும். பருமணி மேலேயும் நுண்மணி கீழேயும் இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் கையால் எப்படி அடுக்கினாலும் ஒரே ஒரு பேக்வாஷ் அதைத் தலைகீழாக்கிவிடும்.

1950-களில் அங்கே வேலை பார்த்த வால்டர் கான்லியும் சகாக்களும் மணலின் மேல் ஆந்த்ரசைட் நிலக்கரியைப் பருமணிகளாகப் போட்டுச் சோதித்தார்கள். நிலக்கரி பருத்திருந்தாலும் லேசானது. கழுவிய பிறகும் மேலேயே தங்கியது. பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மணலைவிட நுண்ணிய அடுக்கு ஒன்று அதற்கும் கீழே நிற்க வேண்டும். நுண்மணியாகவும் இருக்க வேண்டும், மணலை முந்திக்கொண்டு இறங்கவும் வேண்டும். அப்படி எது உண்டு?

அலை கரையிலேயே விட்டுப்போன செம்மணல் உண்டு! மணலின் ஒப்படர்த்தி 2.65, கார்னெட்டுக்குச் சுமார் 4. தண்ணீருக்குள், அதே அளவுள்ள மணல்மணியைவிடக் கார்னெட் மணி ஏறக்குறைய இரண்டு மடங்கு கனம். அதனால் அளவைப் பொருத்தமாகத் தேர்ந்தால், நீரை நிறுத்தியதும் மணலைவிட நுண்ணிய கார்னெட் அடியில் போய் அமரும். அதன்மேல் அரை மில்லிமீட்டர் மணல். கடைசியாக ஒரு மில்லிமீட்டர் நிலக்கரி. எத்தனை முறை கழுவினாலும் வரிசை பெரும்பாலும் குலையாது. பழைய மணல் ஃபில்டரில் மணிக்கு 5 மீட்டர் வேகத்தில் இறங்கிய நீர், 1960-களில் வந்த இந்த மூவடுக்கில் 12 மீட்டர் வரை இறங்கியது. இன்று ஆர்.ஓ. எந்திரங்களுக்கு முன்னால் பல தொழிற்சாலைகளில் நிற்கும் மல்ட்டிமீடியா ஃபில்டர் பிறந்த கதை இது.

மணவாளக்குறிச்சி ஆலையும் இப்போது கார்னெட்டைக் காந்தத்தால் பிரித்தெடுத்து விற்கிறது. கதிர்வீச்சுள்ள மோனசைட் அதில் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்வது பிரிப்பதைவிட முக்கியமான வேலை. அள்ளிய கரை அப்படியே திரும்பி வருவதில்லை. தனியார் கடற்கரைக் கனிம மணல் எடுப்புக்குத் தமிழக அரசு 2013-ல் தடை போட்டதற்கும், கடலோர மக்கள் இன்றும் புதிய சுரங்கங்களை எதிர்ப்பதற்கும் காரணம் இருக்கிறது. இருந்தும் பல தொழிற்சாலைகள் ஃபில்டர் மணலைச் சல்லடை அளவு மட்டும் கேட்டு வாங்குகின்றன. பொருந்தாத அளவில் போட்ட கார்னெட், மணலோடு கலந்துவிடுகிறது, பேக்வாஷ் வேகம் மிஞ்சினால் நிலக்கரி சாக்கடைக்குப் போகிறது, பிறகு மொத்தத்தையும் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குகிறார்கள். கார்னெட் எளிதில் தேயாத கல்; அளவையும் ஒப்படர்த்தியையும் சேர்த்துப் பார்த்துப் போட்டால் பல ஆண்டுகள் உழைக்கும். அந்த இரண்டு எண்களையும் கேட்காமல் ஒரு மூட்டைகூட வாங்கக் கூடாது.